கோவிந்தன் ஓடவில்லை

போன மாதம் வசந்தி வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த ஆபீசில் இப்போது பிராக்டிஸ் செய்யும் இளம் வக்கீல். கையில் ஒரு செய்தித்தாள். எங்கோ தீவுகளில் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தந்த வெள்ளைக்கார அரசாங்கங்களிடம் மன்னிப்பும் நியாயமும் கேட்கிறார்களாம். "பாருங்க ஆன்ட்டி, நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்கும் தோணவே இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "தோணலையா? கேட்டாங்கம்மா. மயிலாப்பூர்ல உட்கார்ந்து கேட்டாங்க. நான்தான் டைப் அடிச்சேன்" என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று விடாப்பிடியாக நின்றாள். மிஷினில் தட்டியே பழகிய கை இது, பேனா பிடித்தால் கோணல்மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதை சுருக்கமானது. சாந்தோமில் பிறந்தேன், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில்தான் இன்னமும் இருக்கிறேன். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் காலமானதும் ராயப்பேட்டையில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டேன். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு பெரிய வக்கீலிடம் ஆள் தேவை என்று தெரிந்து, பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அந்தத் தெருவில் அத்தனை வக்கீல் ஆபீசுகளிலும் அதுவரை ஒரு பெண் கிடையாது. குமாஸ்தாவுக்கு முகம் கோணிப்போயிற்று. "பொம்மனாட்டிய உக்கார வெச்சா கட்சிக்காரா என்ன நினைச்சுப்பா?" என்று சீனியரிடம் என் காதுபடவே கேட்டார். சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தப்பில்லாம அடிப்பாளான்னு கேளும்" என்றார். அடித்துக் காட்டினேன். அவ்வளவுதான், ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

சீனியரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பேரன்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு திருத்தம் சொல்ல வருவார்கள். பஞ்சகச்சமும் மூக்குப்பொடி வாசனையுமாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டேதான் டிக்டேஷன் கொடுப்பார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பும்போது பாதி வாக்கியம் வெளியே தெருவுக்குப் போய்விடும், அதையும் நான் பிடித்தாக வேண்டும். பாராட்டு என்பது அவர் அகராதியில் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் கத்தவும் மாட்டார். காகிதத்தை நாலாக மடித்துக் கிழித்து என் மேஜையில் பூப்போல வைத்துவிட்டுப் போவார். அதற்கு அவர் கத்தியே இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிங்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அஃபிடவிட் வாங்கும்போது, இங்கிலீஷில் அடித்ததை அவர்களுக்குப் புரியும் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். எல்லா ஆபீசிலும் கடைசியில் "படித்துக்காட்டி விளக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். பல இடங்களில் அந்த வரி மட்டும்தான் இருக்கும், படித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஆபீசில் அது நடக்காது. "படிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்கறவனும் பிக்பாக்கெட்டும் ஒண்ணு" என்பார். அந்த வேலையை அவர் குமாஸ்தாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் ஒரு வரி படிப்பேன், நிறுத்துவேன். கட்சிக்காரர் "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொன்ன பிறகுதான் அடுத்த வரி. எல்லாம் முடிந்ததும் மைப்பெட்டி, இடது கைப் பெருவிரல். விரலில் மிஞ்சிய மையை அவர்கள் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள். அதன் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். எத்தனையோ பேர் படித்துக் காட்டும்போது நடுவில் நிறுத்தி, "நான் இப்டி சொல்லலியே" என்றிருக்கிறார்கள். உடனே திருப்பி அடிப்பேன். அலுப்புப் பட்டதே இல்லை. இந்தக் கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

இனி அஞ்சலைக்கு வருகிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. ஆபீசுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே செங்கல் சுமக்கும் சித்தாள் ஒருத்தி, ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் செருகிய ஒரு கவர்.

"டைப்பம்மா, இந்தக் காயிதத்துல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படிச்சு சொல்லேன்."

மலேயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கடிதம். இரண்டே வரி. அவள் புருஷன் கோவிந்தன் யுத்த காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடிப்போனவன் என்று பதிவாகியிருக்கிறது, அவனைப் பற்றிக் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான் எதையும் மழுப்பிப் படிக்கிறவள் இல்லை. இருப்பதை இருந்தபடி சொன்னேன்.

அவள் அழவில்லை. "அதான் கம்பெனி வாசல்ல நிக்கிற பில்லைக்காரனும் சொன்னான். நான் நம்பல. இங்கிலீசுலயும் அதான் கீதா?" என்று கேட்டாள்.

கதையை மெல்ல மெல்லத்தான் வாங்கினேன். கல்யாணமான புதிதில் இருவரும் மலேயாவுக்குப் போனார்கள். தலைப்பிரசவத்துக்கு அஞ்சலை மட்டும் அம்மா வீட்டுக்குத் திரும்பினாள். அம்மா வீடு அடையாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைக் குடிசைகளில். பெண் குழந்தை பிறந்தது. தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதற்குள் யுத்தம் வந்து கப்பல் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியபோது, அதே கரையைச் சேர்ந்த, அதே தோட்டத்தில் வேலை செய்த முருகேசன் வந்து இறங்கினான். கோவிந்தன் எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த கப்பலில் வருகிறான் என்று சொன்னான். அதற்கப்புறம் வந்த கப்பலுக்கெல்லாம் இவள் ஹார்பருக்குப் போய் நின்றிருக்கிறாள். கோவிந்தன் வரவில்லை. கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போய், "எம் புருசன் அடுத்த கப்பல்ல வராரு, எந்தக் கப்பலுன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

கரையில் பேச்சு பற்றிக்கொண்டது. துரையே எழுதிக் கொடுத்துவிட்டானே. "மலாய்க்காரிய கட்டிக்கினு அங்கயே குந்திக்கினு கீறான்" என்று சொன்னார்கள். கோவிந்தனின் சொந்தத் தங்கையே வெட்கப்பட்டு இவள் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். எட்டு வயசுப் பெண்ணைப் பிள்ளைகள் "ஓடிப்போனவன் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள்.

"எனுக்கு துட்டு வேணாம்மா" என்றாள் அஞ்சலை. "அவரு ஓடற ஆளு இல்ல. அத்த அவனுங்க அடிச்சி எழுதணும். அதுக்கு கேசு போட முடியுமா?"

சீனியரிடம் சொன்னேன். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கேஸ் எங்கே இருக்கு ஜோசபின்? மானம் போயிடுத்துங்கிறா. எந்த செக்ஷன்ல கொண்டுவந்து மாட்டறது?" என்றார். ஆனால் கடிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும், பாதி கிணறு தாண்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

மலேயாவிலிருந்து திரும்பியவர்களின் குறைகளைக் கேட்க அப்போது அரசாங்கத்தில் ஓர் அதிகாரி இருந்தார். சாந்தோம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் உட்கார்ந்து விசாரிப்பார். அவர் முன்னால் மனுப் போடலாம் என்று சீனியர் முடிவு செய்தார். ஃபீஸ் பேச்சே எடுக்கவில்லை. சாட்சிக்கு முருகேசனை அழைத்து வரச் சொன்னார்.

முருகேசன் வந்தான். கறுத்து மெலிந்த மனிதன், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் ஆறிய புண்களின் தழும்பு. அஞ்சலை வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தான். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சுவரோரம் குந்திக்கொண்டான். அவன் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்க வைப்பதை அவர்கள் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டில் நின்றவர்களை, மலேயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் துப்பாக்கியைக் காட்டி லாரியில் ஏற்றினான். கட்டிய துணியோடு போனார்கள். பிறகு ரயில் பெட்டி, பிறகு காட்டில் நடை. சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடும் வேலை. அரிசியும் உப்பும், அடியும். தோட்டத்துத் துரைமார்கள் அதற்கு முன்பே இவர்களை அப்படியே போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு பதிவைத் திறந்து, பெரட்டில் இல்லாதவன் எல்லாம் ஓடிப்போனவன் என்று எழுதினார்கள்.

"கோவிந்தன்?" என்று சீனியர் கேட்டார்.

"காலராவுல பூட்டான் ஸார். எம் மடிலதான் போனான். மூங்கிலப் போட்டுக் கொளுத்துனோம். மழை... முழுசா வேகல."

சீனியர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"பின்னே அடுத்த கப்பல்ல வரான்னு ஏன்யா சொன்னே?"

முருகேசன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஹார்பராண்ட குழந்தைய இட்டுக்கினு நின்னா ஸார். தலை நெறைய பூவு. என்னப் பாத்ததும் எனுக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாக்கறா. நான் எப்டி சொல்லுவேன்? வாய்ல வந்துச்சி, சொல்லிட்டேன். அப்பால திருப்பிச் சொல்ல முடியல."

கம்பெனிக்கு அந்தப் பொய் வசதியாகப் போய்விட்டது. கோவிந்தன் உயிரோடு இருக்கிறான் என்று பெண்டாட்டியே வந்து சொன்னாள், ஆகவே அவன் ஓடித்தான் போயிருக்கிறான். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை செத்தவன் தலையில் போய் விழுந்திருந்தது.

"அஞ்சலைக்குத் தெரியாம இத்த எழுதிக் குடுத்துருங்க ஸார்" என்றான் முருகேசன். அது நடக்காது என்றார் சீனியர். அஃபிடவிட் கம்பெனித் தரப்புக்கும் போகும், விசாரணையில் படிப்பார்கள். முருகேசன் எழுந்து போயே போய்விட்டான்.

மறுநாள் சீனியர் அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் தலையில் சும்மாட்டுத் துணியோடு வந்து நின்றாள். ஜட்ஜுகளை நடுங்க வைக்கிற மனிதர், அன்றைக்கு வார்த்தை கிடைக்காமல் தடுமாறினார். "இதோ பாரும்மா... கம்பெனிக்காரன் சொல்றது பொய்யுன்னு நாம காட்டணும்னா..." என்று ஆரம்பித்தார், மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு ஜோசபின்."

நான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அஞ்சலை, உன் வூட்டுக்காரர் ஓடிப்போனார்னு விட்டுட்டா, உன் பொட்டும் தாலியும் உன்கிட்டயே இருக்கும். ஓடலன்னு நிரூபிக்கணும்னா..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மனையில் மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவள் திரும்பவில்லை. "முருகேசண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அவர நானே இட்டாறேன். எழுதுங்க. நான் குந்திக்கினு கேக்கறேன்."

முருகேசனை அவளே போய் அழைத்து வந்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. நான் அஃபிடவிட்டை அடித்தேன். அன்றைக்கு அடித்தது போல் என் வாழ்நாளில் அடித்ததில்லை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, அழிக்கிற ரப்பரைத் தொடவேயில்லை. பிறகு படித்துக் காட்ட வேண்டும். முருகேசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அஞ்சலை வாசற்படிக்கு உள்ளே, கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். சீனியர் ஜன்னலருகே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "பெரட்டுல நின்னவங்களத் துப்பாக்கி காட்டி லாரில ஏத்துனாங்க." "சரி." "கோவிந்தன் எம் பக்கத்துல நின்னான். அவன் தானா வரல." "சரி." "அவன் எங்கயும் ஓடல. ரயில் பாதை வேலைல கடைசி வரைக்கும் என்கூடத்தான் இருந்தான்." "சரி."

அடுத்த வரியைப் படித்தேன். "கோவிந்தன் காலரா கண்டு எம் மடில செத்துப்போனான்."

முருகேசன் பேசவில்லை. நான் காத்திருந்தேன். விதியென்றால் விதி, அவன் வாயால் சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போக முடியாது. அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வாசல் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "சரின்னு சொல்லுண்ணே."

"சரி" என்றான் முருகேசன்.

மிச்சத்தையும் படித்து முடித்தேன். கைநாட்டு வாங்கினேன். என் கையெழுத்தைப் போட்டேன். அஞ்சலை எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். நெற்றிக் குங்குமம் அப்படியே இருந்தது. "அதிகாரி எழுதட்டும். அதுவரைக்கும் பொட்ட அழிக்க யாரும் எங்கிட்ட வரக்கூடாது" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விசாரணை நாளில் கம்பெனிக்கு ஒரு பாரிஸ்டர் வந்திருந்தார். கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தாலும் மிடுக்குக் குறையவில்லை. எங்கள் மனுவில் சீனியர் "அடிமை" என்ற வார்த்தையைப் போட்டிருந்தார். பாரிஸ்டர் அதையே பிடித்தார். அடிமை முறை நூறு வருஷத்துக்கு முன்பே சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது, இல்லாத ஒன்றை எப்படி மனுவில் எழுதலாம் என்றார். சீனியர் இங்கிலீஷில் பதில் சொல்ல எழுந்தவர், நடுவில் தமிழுக்குத் தாவிவிட்டார். "சட்டம் எடுத்துடுத்து, வாஸ்தவம். லாரிக்காரனுக்கு யார் போய்ச் சொன்னா? அவாளைப் பறிகொடுத்த கம்பெனிக்காரன் தேடக்கூட இல்லை, ஓடிப்போனான்னு எழுதி வெச்சுண்டான். இதுக்கு வேற பேர் இருந்தா என் சிநேகிதர் சொல்லட்டும், மாத்திக்கறேன்." பின்னால் நின்ற ஆற்றங்கரைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி அதட்டவில்லை.

பிறகு பாரிஸ்டர் முருகேசனைக் குடைந்தார். எழுதப் படிக்கத் தெரியாத உனக்கு இந்த அஃபிடவிட்டில் என்ன இருக்கிறதென்று தெரியுமா? யாரோ எழுதியதில் விரலை வைத்தாய், அப்படித்தானே? முருகேசன் என்னைப் பார்த்தான், பிறகு அதிகாரியைப் பார்த்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வரிசை மாறாமல் சொன்னான். மடியில் செத்தான் என்ற இடத்திலும் நிற்கவில்லை. நான் படித்தது போலவே, நான் நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தி, "சரி" என்று தானே சொல்லிக்கொண்டு போனான். பாரிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு டைப்பிஸ்ட்தான், வழக்கில் என் பெயர் எங்கும் வராது. ஆனாலும் அந்த அறையில் அன்றைக்கு ஜெயித்துக்கொண்டிருந்தது என் வேலையும்தான் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

உத்தரவு வந்தது. "அடிமை" என்ற வார்த்தையை அதிகாரி எழுதவில்லை. சீனியருக்கு அந்த வருத்தம் சாகும்வரை இருந்தது. ஆனால் கோவிந்தன் வேலையை விட்டு ஓடவில்லை, பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டு, கட்டாய வேலையில் இறந்தான், கம்பெனி தன் பதிவைத் திருத்த வேண்டும் என்று தெளிவாக எழுதினார். கம்பெனி திருத்தியதாக ஒரு வரிப் பதில் அனுப்பியது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் செங்கல் சுமக்கிறவள் கேட்டு, ஒரு கம்பெனி தன் எழுத்தைத் தானே அடித்தது. எங்கள் தெருவில் எத்தனையோ ஜமீன் வழக்குகள் ஜெயித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய வழக்கு.

உத்தரவைக் கையில் கொடுத்தபோது அஞ்சலை வாங்கிக்கொள்ளவில்லை. "இங்க படிச்சு இன்னா பிரயோசனம்? அங்க வந்து படிம்மா. எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். சீனியர் தன் காரிலேயே என்னை அழைத்துப் போனார். பாலத்துக்கருகில் நிறுத்தி, "நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும், வற்புறுத்தவில்லை.

கரையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அஞ்சலை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஏறி நின்று, ஆபீசில் படிப்பது போலவே வரிவரியாக, அவர்கள் தமிழில் படித்தேன். "கோவிந்தன் ஓடல" என்ற இடத்தில் நிறுத்தினேன். பழக்க தோஷம். யாரும் கேட்காமலே கூட்டத்தில் ஒரு கிழவர் "சரி" என்றார். இன்னும் சிலர் "சரி" என்றார்கள். அவன் செத்ததையும் படித்து முடித்தேன்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, "எங்கண்ணா..." என்று ஓடிவந்து அஞ்சலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோவிந்தனின் தங்கை. ஓடிப்போனவனுக்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. இத்தனை நாளாக அவனுக்காக ஒருவரும் வாய்விட்டு அழ முடியாமல் இருந்தது. இப்போது கரை முழுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சேர்த்து, மார்பில் அடித்துக்கொண்டு, கோவிந்தன் பேர் சொல்லிப் பாடி அழுதார்கள். அதன் நடுவில் அஞ்சலையும் முதல் தடவையாக அழுதாள்.

நான் பாலத்துக்குத் திரும்பி நடந்தேன். சீனியர் காரை விட்டு இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன சத்தம் அது ஜோசபின்?"

"கோவிந்தனுக்கு அழறாங்க ஸார்" என்றேன். "நாம ஜெயிச்சுட்டோம்."